விரலாற் படிக்கும் எழுத்து

பொதியமலையிற் பிறக்கும் பொருநையாறு, பாபநாசத்தில் மலையை விட்டிறங்கி, கால்வாய்களாகப் பிரிந்து, குளங்களை நிரப்பி, நெல்லும் வாழையும் செழிக்கச் செய்துகொண்டு கிழக்கு நோக்கி ஓடுகின்றது. தாமிரபரணி என்பதும் அதற்குப் பெயர். அவ்வாற்றுக்கு மேற்கே திருநெல்வேலியும், கிழக்கே பாளையங்கோட்டையும் அமைந்துள்ளன. இரண்டையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. மேற்கே நெல்லையப்பர் கோயிலும் கடைத்தெருவும் பெயர் பெற்றவை. கிழக்கே பள்ளிகளும் கல்லூரிகளும் மலிந்துள்ளன. பாளையங்கோட்டையைத் 'தென்னாட்டு ஆக்ஸ்போர்டு' என்று புகழ்ந்துரைப்பது நெடுநாளைய வழக்கம். அப்புகழ்மொழி சற்றே மிகையாகத் தோன்றலாம். ஆயினும் பார்வையற்ற சிறுவர்க்கும் காது கேளாத சிறுவர்க்கும் இந்நாட்டில் முதன்முதலாக எழுந்த பள்ளிகளுள் இரண்டு, இவ்வூரில் ஒரு பத்தாண்டுக் காலத்துக்குள்ளேயே தோன்றின என்பது மிகையன்று.

அதற்கு முன்னர்ப் பார்வையற்றோர் கல்வியே பெறவில்லை என்று எண்ணுதல் பிழையாகும். திண்ணைப் பள்ளிகளில் ஏட்டைவிட வாய்ப்பாடமே மிகுதி. ஆசிரியர் சொல்லச் சொல்லக் கேட்டு, நிகண்டும் நீதிநூலும் நெஞ்சிற் பதித்துக் கொள்வதற்குச் செவியும் நினைவாற்றலும் போதுமானவை. அம்முறையாற் புலமை பெற்றோர் பலர். இரட்டைப் புலவருள் ஒருவர் பார்வையற்றவர். பழனியில் 1836-ஆம் ஆண்டிற் பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர், இளமையிலேயே அம்மை நோயாற் கண்ணொளி இழந்தவர். அந்தகக்கவி வீரராகவ முதலியாரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. அவருக்கு எழுத்தின் வடிவத்தை உணர்த்துவதற்காக, அவர் முதுகின்மேல் விரலால் எழுதிக் காட்டினார்களாம். அது கதையோ உண்மையோ, அதனுள் ஒரு நுட்பமான கருத்து உண்டு: எழுத்தைத் தோலும் உணரும்.

ஆனால், முதுகில் எழுதிய எழுத்து மறுகணமே மறைந்துபோம். அதனைத் திரும்பப் படித்தல் இயலாது; மற்றவர்க்கு அனுப்புதலும் இயலாது. கேட்டதை நினைவிற் கொள்வது ஒரு கல்வி. ஐயம் தோன்றியபோது தானே ஏட்டைப் புரட்டிப் பார்த்துத் தெளிவது மற்றொரு கல்வி. பின்னதைப் பெறுவதற்குப் பார்வையற்றோர்க்கு ஒரு கருவி வேண்டியிருந்தது.

அக்கருவி பிரான்சு நாட்டிலிருந்து வந்தது. பாரிசுக்கு அருகேயுள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1809-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் லூயி பிரெயில் பிறந்தார். மூன்று வயதுச் சிறுவனாகத் தந்தையின் பட்டறையில் விளையாடியபொழுது, தோலில் துளையிடும் குத்தூசி அவர் கண்ணிற் பாய்ந்தது. புண் மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதிற்குள் இரு கண்களும் ஒளியிழந்தன.

1819-ஆம் ஆண்டில், பத்து வயதில், பாரிசிலிருந்த பார்வையற்ற இளைஞர் பள்ளியில் அவர் சேர்ந்தார். அப்பள்ளியை நிறுவியவர் வாலந்தேன் ஆயுவி என்பவர். கண்ணுடையோர் படிக்கும் எழுத்துகளையே பெரிதாக வார்த்து, ஈரத்தாளில் அழுத்திப் புடைக்கச் செய்து, அவற்றின் விளிம்பை விரலால் தடவிப் படிக்கும் முறையை அவர் வகுத்திருந்தார். நல்ல எண்ணந்தான், ஆயினும் ஓர் எழுத்தை அறிவதற்கே விரல் நெடுநேரம் சுற்றிவர வேண்டும். நூல்களோ தூக்க முடியாத சுமையாயின. எல்லாவற்றினும் பெருங்குறை ஒன்று இருந்தது. அவ்வெழுத்தை மாணவர் தாமே எழுத வழியில்லை. படிக்க மட்டும் தெரிந்து, எழுதத் தெரியாதவராகவே அவர்கள் நின்றனர்.

அக்காலத்தில் சார்லசு பார்பியே என்பார், இருளிலும் படிக்கத்தக்க ஒரு குறியீட்டைக் கண்டிருந்தார். பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாக அஃது அமைந்திருந்தது. அம்முறை பிரெயில் படித்த பள்ளிக்கு வந்தபோது, கோட்டைவிடப் புள்ளியே விரலுக்கு இனிது என்பதைச் சிறுவர் பிரெயில் உடனே உணர்ந்தார். ஆனால் பன்னிரண்டு புள்ளிகள் விரல் நுனிக்குள் அடங்கா. விரல் மேலும் கீழும் அலைய வேண்டியிருந்தது. அவர் அதனைப் பாதியாகக் குறைத்தார். நெட்டாக மூன்று, குறுக்காக இரண்டு, ஆக ஆறே புள்ளிகள். விரலை வைத்த மாத்திரத்தில் ஓர் எழுத்து முழுமையும் புலனாகும். இதனை அவர் அமைத்தது 1824-ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது பதினைந்து. நூலாக வெளியிட்டது 1829-இல். கண்ணைக் கெடுத்த குத்தூசியைப் போன்றதொரு கூர்ங்கருவியே அவ்வெழுத்தை எழுதுவதற்கும் பயன்பட்டது.

உலகம் அதனை எளிதில் ஏற்கவில்லை. கண்ணுடையோர்க்குப் புரியாத எழுத்தைப் பார்வையற்றோர் கற்றால், அவர்கள் தனித்து ஒதுங்கிவிடுவர் என்று பலர் வாதிட்டனர். வாதிட்டவருட் பலர் கண்ணுடையோர் என்பது கருதத்தக்கது. பிரெயில் 1852-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மறைந்து ஈராண்டு கழிந்த பின்னரே பிரான்சு நாடு அவர் முறையை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் பார்வையற்றோர்க்கென முதற்பள்ளி 1887-ஆம் ஆண்டில் அமிர்தசரசு நகரில் ஆனி ஷார்ப் அம்மையாரால் தொடங்கப்பெற்றது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1890-இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் மற்றொரு பள்ளியைத் தோற்றுவித்தார். கிறித்தவத் திருத்தொண்டின் பொருட்டு இங்கிலாந்திலிருந்து வந்தவர் அவர். பிரெயில் எழுத்தைத் தமிழுக்குப் பொருத்தி அமைக்கும் பணியை அவர் மேற்கொண்டார். அப்பணி எத்துணைக் கடினமானது என்பதை அறிய வேண்டுமானால், முதலில் ஆறு புள்ளிகளின் கணக்கைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

ஆறு புள்ளிகளுக்கும் எண்கள் உண்டு. இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கத்தில் அவ்வாறே 4, 5, 6. ஒவ்வொரு புள்ளியும் புடைத்திருக்கலாம், அல்லது புடையாதிருக்கலாம். ஆகவே, இரண்டை ஆறு முறை பெருக்கினால் 64 வகைகள் கிடைக்கும். புள்ளியே இல்லாத வெற்றிடம் ஒன்றை நீக்கினால், எஞ்சுவன 63. ஆங்கிலம் போன்ற மொழிக்கு 26 எழுத்தே. 63 குறிகள் தாராளமாகப் போதும். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். 63 குறிகளைக் கொண்டு 247 எழுத்துகளை எவ்வாறு எழுதுவது?

இவ்வினாவிற்கு விடை தமிழ் இலக்கணத்திலேயே இருந்தது. உயிர்மெய் என்பது தனி ஒலியன்று. மெய்யும் உயிரும் கூடிப் பிறப்பது. அதில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்று இலக்கண நூலார் பண்டே வகுத்துள்ளனர். ஆதலால் 216 உயிர்மெய்க்கும் தனித்தனிக் குறி தேவையில்லை. இன்று வழங்கும் தமிழ்ப் பிரெயிலில், அகரம் ஏறிய மெய்க்கு ஒரு குறி. வேறு உயிர் ஏறினால், அம்மெய்க்குறியை அடுத்து அவ்வுயிரின் குறி. மெய் தனித்து நின்றால், அதற்கு முன்னே ஒரு புள்ளிக்குறி. இவ்வளவே இலக்கணம். 'அம்மா' என்னும் சொல்லைப் பார்க்கலாம். அகரத்திற்கு 1-ஆம் புள்ளி. மெய்க்கு அடையாளமாக 4-ஆம் புள்ளி. மகரத்திற்கு 1, 3, 4. மீண்டும் மகரத்திற்கு 1, 3, 4. ஆகாரத்திற்கு 3, 4, 5. ஐந்து கட்டங்களில் சொல் முடிந்தது.

அச்சில் எழுதுங்கால், 'கெ' என்பதன் கொம்பு மெய்க்கு முன்னே நிற்கின்றது. 'கொ' என்பதிலோ முன்னொன்றும் பின்னொன்றுமாக மெய்யைச் சூழ்ந்து நிற்கின்றது. ஒலியின் வரிசை வேறு, எழுத்தின் வரிசை வேறு. சிறு பிள்ளைகள் இதனாற் படும் இடர் கொஞ்சமன்று. பிரெயிலில் அவ்விடர் இல்லை. எவ்வொலி முன்னோ அக்குறி முன்; எவ்வொலி பின்னோ அக்குறி பின். 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளின் வடிவத்தைச் சீர்திருத்தியபோது, கண்ணால் எழுதுவோர் பழக்கத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. விரலாற் படிப்போர்க்கு மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை; அவர்களிடம் ஐகாரம் எந்நாளும் ஒரே குறிதான்.

ஆஸ்க்வித் அம்மையார் காலத்தில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான முறை ஒன்று இல்லை. ஆங்காங்குப் பள்ளி நடத்தியோர் தத்தமக்கு ஏற்றவாறு பிரெயிலை அமைத்துக்கொண்டனர். அதனால் விளைந்த கேடு பெரிது. ஒரு பள்ளியில் அச்சிட்ட நூல் மற்றொரு பள்ளிக்குப் பயன்படாது. ஒவ்வொருவரும் தமக்கென அச்சு வைத்துக்கொள்ளப் பொருள் இல்லை. நாடு விடுதலை பெற்ற பின்னர், இந்திய அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி யுனெசுக்கோ நிறுவனம் இதில் தலையிட்டது. 1950-இல் பாரிசிலும், 1951-இல் பெய்ரூட்டிலும் அறிஞர் கூடி ஆராய்ந்தனர். அதன் பயனாக 1951-ஆம் ஆண்டில் 'பாரதி பிரெயில்' என்னும் பொதுமுறை இந்தியாவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தாமே பார்வையற்றவரும், கல்வி அமைச்சில் அலுவலராக இருந்தவருமான லால் அத்வானி இப்பணியில் பெரும்பங்கு கொண்டவர். அவ்வாண்டிலேயே டேராடூனில் மைய பிரெயில் அச்சகமும் ஏற்பட்டது. பாரதி பிரெயிலில் தமிழின் ககரமும், இந்தியின் ககரமும், வங்காளத்தின் ககரமும் ஒன்றே: 1, 3 என்னும் இரு புள்ளிகள். கண்ணுடையோர்க்கு இவை வெவ்வேறு எழுத்துகளாக இருக்க, பார்வையற்றோர்க்கு மட்டும் இந்திய மொழிகள் பலவும் ஒரே எழுத்தில் எழுதப்படுகின்றன.

இனி எழுதும் முறையைக் காண்போம். பழந்தமிழர் பனையோலையில் எழுத்தாணியாற் கீறி எழுதினர். பனை மலிந்த திருநெல்வேலிச் சீமையில் அது மிகப் பழகிய காட்சி. பார்வையற்ற மாணவன் கையிலும் ஓர் எழுத்தாணி உண்டு. ஆனால் அவன் கீறுவதில்லை, குத்துகின்றான். இரு பலகைகளுக்கிடையே தடித்த தாளைச் செருகுவர். மேற்பலகையில் வரிசையாகச் சிறு சாளரங்கள் இருக்கும். கீழ்ப்பலகையில் ஒவ்வொரு சாளரத்திற்கும் நேராக ஆறு குழிகள். எழுத்தாணியால் அழுத்தினால் தாள் குழியினுள் இறங்கி, மறுபக்கத்தில் முத்துப்போற் புடைக்கும். புடைப்பின் உயரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். தாளைத் திருப்பினாலன்றிப் படிக்க இயலாது. ஆகவே இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டியதை வலமிருந்து இடமாக, கண்ணாடியிற் காணும் நிழல்போல மாற்றி எழுத வேண்டும். லகரம் என்பது இடப்பக்கப் புள்ளிகள் மூன்றும், 1, 2, 3. ளகரம் என்பது வலப்பக்கப் புள்ளிகள் மூன்றும், 4, 5, 6. லகரம் எழுத விரும்பும் மாணவன் வலப்பக்கத்திற் குத்துகின்றான். தாளைத் திருப்பினால் அது இடப்பக்கமாகி லகரமாகின்றது. ஏழு வயதுக் குழந்தை இதனைச் சில திங்களில் கற்றுக்கொள்கின்றது என்றால் வியப்பன்றோ?

இங்கே எழுத்துப்பிழை பற்றி ஒன்று கூற வேண்டும். லகர, ளகர, ழகர வேறுபாட்டைத் திருத்தமாக ஒலிப்போர் இக்காலத்திற் குறைவு. ரகரமும் றகரமும் பலர் நாவில் ஒன்றாகிவிட்டன. தந்நகரத்திற்கும் றன்னகரத்திற்கும் இன்றைய பேச்சில் ஒலி வேறுபாடே இல்லை எனலாம். கண்ணுடைய மாணவன் கடைப்பெயர்ப் பலகையிலும் பேருந்தின் முகப்பிலும் நாள்தோறும் அச்செழுத்தைக் கண்டு, தன்னை அறியாமலே எழுத்தை நினைவிற் கொள்கின்றான். செவியால் மட்டும் கற்பவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. 'பனி' என்பதும் 'பணி' என்பதும் அவனுக்கு ஒரே ஒலியாகப் படலாம். விரலால் தொட்டுப் படித்தவனுக்கோ றன்னகரம் இரு புள்ளி, டண்ணகரம் நான்கு புள்ளி, மயங்குவதற்கு இடமில்லை. பேசும் கருவிகள் பெருகிவிட்டன, இனிப் பிரெயில் எதற்கு என்று கேட்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

கணக்குப் பாடத்திற்கு வேறொரு கருவி தேவைப்பட்டது. பிரெயிலைக் குத்தி எழுதியபின், கூட்டலில் மீதியை ஏற்றுவதும் கழித்தலில் கடன் வாங்குவதும் எளிதல்ல. இதற்கென வில்லியம் டெய்லர் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு சட்டத்தை அமைத்தார். அதில் எண்கோண வடிவத் துளைகள் வரிசை வரிசையாக இருக்கும். சிறு உலோகக் கட்டைகளை அத்துளைகளிற் செருகுவர். கட்டையின் ஒரு முனையில் ஒரு விளிம்பு மேடு; மறு முனையில் இரு முனைப்புகள். ஒரு முனையை எட்டுத் திசைகளில் திருப்பி வைக்கலாம். ஆகவே எட்டு இலக்கங்கள். கட்டையைத் தலைகீழாக்கினால் மேலும் எட்டுக் குறிகள். ஒரே வகைக் கட்டையால் பத்து இலக்கங்களும் கூட்டல், கழித்தல் முதலிய குறிகளும் அமைந்துவிடுகின்றன. தவறு நேர்ந்தால் பிடுங்கித் திருப்பிச் செருகினால் போதும். வடிவக் கணிதத்திற்கு ரப்பர்ப் பாயின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துக் கோடு கிழிப்பர்; கிழித்த கோடு அப்பக்கத்திலேயே புடைத்து நிற்கும்.

குத்தி எழுதும் உழைப்பைக் குறைத்தது, தட்டச்சுப் பொறி போன்ற பெர்க்கின்சு பிரெயிலர். அமெரிக்காவிலுள்ள பெர்க்கின்சு பள்ளியில் மரவேலை கற்பித்த டேவிட் ஆபிரகாம் அதனை உருவாக்கினார். 1939-இலேயே மாதிரி அமைந்தும், உலகப்போர் குறுக்கிட்டதால் 1951-இல்தான் அது பெருமளவிற் செய்யப்பட்டது. ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசைகள். எழுத்துக்கு வேண்டிய விசைகளை ஒருசேர அழுத்தினால் எழுத்து மேல்நோக்கிப் புடைக்கும். திருப்ப வேண்டியதில்லை, மாற்றி எழுத வேண்டியதும் இல்லை. எழுதிய வரியை உடனே தடவிப் பார்த்துப் பிழை திருத்தலாம். தமிழ்நாட்டிலேயே, வேலூரை அடுத்த காட்பாடியில், உடற்குறையுடையோர் பணிபுரியும் வொர்த் அறக்கட்டளைத் தொழிற்கூடத்தில் இப்பொறிகள் இணைத்துச் செய்யப்பட்டன.

இத்தனை இருந்தும், பார்வையற்ற மாணவனுக்குப் புத்தகப் பஞ்சம் நீங்கியபாடில்லை. காரணம் பிரெயிலின் பருமன். 'கற்றுக்கொண்டிருந்தான்' என்னும் சொல்லில் பதினோரு எழுத்துகள் உள்ளன. பிரெயிலில் அதற்கு இருபத்தொரு கட்டங்கள் வேண்டும். கட்டம் ஒன்றுக்கு 6 மில்லிமீட்டர் வீதம், அச்சொல் ஒன்றே 12 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். நாற்பது கட்டங்கள் கொண்ட ஒரு வரியில் அத்தகைய சொற்கள் இரண்டு அடங்கமாட்டா. தாளோ தடித்தது, வரிகளுக்கிடையேயும் இடம் விட வேண்டும். கையடக்கமான பாடநூல் ஒன்று பிரெயிலில் பல தொகுதிகளாகப் பெருகிவிடும். அவற்றை அச்சிடச் செலவும் காலமும் மிகும். ஆண்டுத் தொடக்கத்தில் தோழர்களெல்லாம் புத்தம்புது நூல்களைக் கையிற் பெற்றிருக்க, பிரெயில் நூலுக்குக் காத்திருக்கும் மாணவன், பிறர் படிக்கக் கேட்டே பாடத்தைத் தொடர வேண்டியவனாகின்றான்.

மற்றொரு தடை சட்டத்திலிருந்து வந்தது. நூலாசிரியரின் இசைவின்றி ஒரு நூலைப் பிரெயிலாகவோ ஒலிப்பதிவாகவோ மாற்றுதல் குற்றமாகக் கருதப்படும் நிலை பல நாடுகளில் இருந்தது. இந்தியா 2012-ஆம் ஆண்டில் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி இத்தடையை நீக்கியது. 2013-இல் மொராக்கோ நாட்டின் மராகேசு நகரில் இது குறித்து உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதனை உறுதிசெய்து முதன்முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா, ஆண்டு 2014.

கணிப்பொறி வந்தபின் நிலை பெரிதும் மாறியது. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்கள் தோன்றின. ஆனால் அவற்றின் விலை ஏழை மாணவர் நெருங்க முடியாததாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்சு டே என்னும் பார்வையற்ற இளைஞர் இருவர் கூடி, என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளை உருவாக்கி விலையின்றி வழங்கினர். அப்பணி 2006-இல் தொடங்கியது. அது தமிழையும் படிக்கும். எனினும் தமிழுக்கு ஓர் இடையூறு இருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன்னர், தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு முறையில் அமைந்திருந்தன. திரையிற் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது, பொறிக்குப் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகவே பட்டது. ஒரு பக்கம் முழுவதும் உளறலாகவே செவியில் விழும். தமிழ்நாட்டரசு 2010-ஆம் ஆண்டில் யூனிகோடைத் தரமாக ஏற்றது. பழைய முறையில் அமைந்த ஏடுகளும், படமாக மட்டும் பதிந்துவைத்த பக்கங்களும் இன்னும் பல உள்ளன. அவற்றின்முன் அப்பொறி ஊமையாகவே நிற்கின்றது. புள்ளிகளைத் தானே உயர்த்தியும் தாழ்த்தியும் ஒரு வரியைக் காட்டும் பிரெயில் திரையும் உண்டு. ஒரு நூலகத்தையே அதனுள் அடக்கலாம். விலைதான் பெரிது.

பாளையங்கோட்டையின் மற்றொரு பள்ளியைப் பற்றியும் கூற வேண்டும். 1890-களில் புளாரன்சு சுவெய்ன்சன் அம்மையார் காது கேளாத சிறுவர்க்குக் கல்வி அளிக்கும் பணியை இவ்வூரில் தொடங்கினார். அப்பள்ளி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பேச்சைக் கேட்டறியாத குழந்தைக்குப் பேசக் கற்பிப்பது எங்ஙனம்? பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பன; பார்ப்பதற்கு வேறுபாடு தெரியாது. மகரத்தை ஒலிக்கும்போது மூக்கு அதிரும். ஆசிரியர் குழந்தையின் கையைத் தம் மூக்கின்மேல் வைத்து அவ்வதிர்வை உணர்த்துவார். பின்பு கண்ணாடி முன் நிறுத்தி அக்குழந்தையையே ஒலிக்கச் செய்வார். காது கேட்கும் கருவியும் இன்று உண்டு. ஆனால் வகுப்பறையில் அது ஆசிரியர் குரலோடு பலகை இழுபடும் ஓசையையும், பக்கத்து வகுப்பின் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிக் காட்டும். ஆசிரியர் சட்டையில் ஒலிவாங்கி ஒன்றை அணிந்து, அவர் குரல் மட்டும் மாணவன் கருவியைச் சென்றடையச் செய்வது அதற்கு மாற்று.

சைகை மொழியைப் பற்றி நெடுங்காலம் தவறான கொள்கை ஒன்று நிலவியது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் வாய்ப்பேச்சே வேண்டும், சைகை கூடாது என்று முடிவு செய்தது. கைகளைக் கட்டிப்போட்டாற்போலப் பல தலைமுறையினர் அல்லலுற்றனர். 2010-இல் கானடாவின் வான்கூவர் நகரிற் கூடிய அதே வரிசை மாநாடு, முன்னைய முடிவுக்கு வருத்தம் தெரிவித்தது. இந்தியாவில் 2015-இல் இந்தியச் சைகை மொழிக்கெனத் தனி நிறுவனம் தில்லியில் ஏற்பட்டது.

தனிப்பள்ளிகளில் மட்டுமன்றி, ஊர்ப்பள்ளிகளிலும் இப்பிள்ளைகள் மற்றவரோடு சேர்ந்து கற்கும் முறை இன்று பரவியுள்ளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்கு வலிமை அளித்துள்ளது. அத்தகைய வகுப்பில் விலையில்லாத கருவிகள் சில உண்டு. கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், "இதையும் இதையும் கூட்டினால் இது வரும்" என்றால் பார்வையற்ற மாணவனுக்கு ஒன்றும் விளங்காது. எழுதுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் பலகையைப் பார்த்தபடியே சொன்னாலோ, உதட்டசைவைக் கண்டு உணரும் மாணவனுக்கு அது பயன்படாது. சொல்லும்போது திரும்பி நிற்க வேண்டும். இருவரும் ஒரே வகுப்பில் இருந்தால், எழுதும்போது ஒருமுறையும் திரும்பியபின் ஒருமுறையும் சொல்லுதல் தகும். அவ்வாறு இருமுறை கேட்பது மற்ற மாணவர்க்கும் இழப்பன்று. பொதுத்தேர்வில் பார்வையற்ற மாணவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவர் அமர்த்தப்படுகின்றார். கூடுதல் நேரமும் உண்டு. எழுத்தறிந்து விடை சொன்ன மாணவன், எழுதுபவரின் பிழைக்கும் பொறுப்பாளியாகிவிடாமல் இருப்பதற்கு, ஐயமுள்ள சொற்களை எழுத்தெழுத்தாகச் சொல்லப் பழகுகின்றான். அப்பழக்கம் விரலாற் படித்தவனுக்கே எளிது.

பிரெயில் நூல்களைக் காப்பதற்கும் ஒரு முறை உண்டு. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல் ஆகாது. பாரத்தால் புள்ளிகள் நசுங்கிவிடும். நிமிர்த்தியே வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும், பல ஆண்டுகள் பல விரல்கள் தடவிய பக்கத்தில் புள்ளிகள் தேய்ந்து, தாள் மீண்டும் சமனாகிவிடுகின்றது. அச்செழுத்து நூல் பழுப்பேறினாலும் படிக்கலாம். பிரெயில் நூலோ, மிகுதியாகப் படிக்கப்பட்டதாயின், விரைவில் வெறுந்தாளாகிவிடும். அதனை மீண்டும் முதலிலிருந்து புடைக்கச் செய்தே மாணவர் கையிற் கொடுக்க வேண்டும்.